சிலுவை குத்திய ஒரு ரூபாய்

ஓஸ்வால்ட் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தது, காசில் ஓட்டை போட்டுத் தரச் சொல்லி அவர் என் பட்டறைக்கு வந்த அன்று. தொண்ணூற்று நாலாம் வருஷம், மழைக்காலம். ஆடுகோடியில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் எனக்கு இரண்டு பிரஸ் மிஷின் இருந்தது. தகட்டை வைத்து மிதித்தால் வாஷர் விழும். அதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு வேலை. மின்ட்டில், அதாவது அரசாங்க நாணயச்சாலையில், அடிக்கும்போது தப்பாக விழுந்த காசுகளை வாங்கி விற்பேன். எரர் காயின் என்போம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது எப்படி வந்தது என்று சிலர் கேட்பார்கள். தினமும் வாஷர் கோணலாக விழுவதைப் பார்க்கிறவனுக்குக் காசு எப்படிக் கோணலாக விழும் என்று புரியாதா? மின்ட்டும் ஒரு பெரிய பட்டறைதான்.

வந்தவர் நெட்டை, ஒல்லி. முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டு பட்டன்வரை போட்டிருந்தார். சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த பிஸ்கட் டின்னை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதுல நடுவுல ஓட்டை போட்டுக் குடுக்க முடியுமா? கூரைத் தகட்டு ஆணிக்கு வாஷரா ஆகும்."

மேஜையில் கவிழ்த்தார். வாஷருக்கான தகடு என்று பார்த்தால் அத்தனையும் காசு.

"காசுல நான் ஓட்டை போட்டா போலீஸ்காரன் வந்து என் மேல ஓட்டை போடுவான். எடுத்துட்டுப் போங்க."

"நல்ல காசு இல்ல தம்பி. ஒண்ணும் செல்லாது. எல்லாம் காணிக்கைப் பையில வந்தது" என்றார்.

அவருடைய சர்ச் லிங்கராஜபுரத்தில். சின்னது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரும் கில்பர்ட் என்பவரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து பையைக் கொட்டி எண்ணுவார்கள். அதில் எப்போதும் நாலைந்து கெட்ட காசு இருக்கும். வளைந்தது, தேய்ந்தது, ஆசிட் தின்றது, ஒரு பக்கம் அச்சே விழாதது. கடைக்காரன் வாங்க மாட்டான், ஆட்டோக்காரன் வாங்க மாட்டான். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதவர் ஆண்டவர் ஒருத்தர்தான் என்று ஜனங்கள் கொண்டுவந்து பையில் போட்டுவிடுவார்கள். கில்பர்ட் பஸ் கண்டக்டர். "வாரம் பூரா நான் வேணாம்னு மூஞ்சில திருப்பிக் குடுத்த காசெல்லாம் எனக்கு முன்னாடி இங்க வந்து உக்காந்துட்டு இருக்குப்பா" என்பாராம்.

ஓஸ்வால்ட் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. ஆண்டவருக்கு வந்த ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்று, ஒவ்வொரு கெட்ட காசுக்கும் தன் ஜேபியிலிருந்து நல்ல காசைப் போட்டுவிட்டு கெட்டதைத் தான் எடுத்துக்கொள்வார். முதலில் அதையெல்லாம் ரோட்டோரச் சாக்கடையில் எறிந்தார். அதை எவனோ பொறுக்கிக் கழுவி, இரண்டு வாரத்தில் அதே காசு பையில் திரும்ப வந்தது. அன்றைக்கு கில்பர்ட் சிரித்த சிரிப்பில், ஐயர் என்று அவர்கள் கூப்பிடுகிற பாதிரியார் பிரசங்கத் தாளைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாராம்.

ஓஸ்வால்ட் அண்ணன் ஒரு பெரிய ஃபேக்டரியில் டூல் ரூம் ஆள். அங்கே ஸ்பேனரோ ட்ரில் பிட்டோ, அடையாளம் குத்தாமல் எந்தச் சாமானும் கதவைத் தாண்டாது. அந்தக் கைப்பழக்கத்தில் வீட்டில் தானே ராவி ஒரு சின்ன ஆணிப் பஞ்ச் செய்தார். நுனியில் சிலுவை. மீட்டெடுத்த ஒவ்வொரு காசிலும் நடு மத்தியில் ஒரு குத்து. இதற்குப் பணம் கட்டியாகிவிட்டது, இனி பைக்குள் வராதே என்று அர்த்தம். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த டின்.

நான் பழக்கதோஷத்தில் விரலால் கிளற ஆரம்பித்தேன். 

பாதிக்கு மேல் குப்பை. ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, வைஸில் பிடித்து அடித்தது. ஆனால் மீதியில், பாதி நிலவுபோல் அச்சு தள்ளி விழுந்த ஐம்பது பைசா இருந்தது. ஓரம் கடித்த பிஸ்கட்போல் ஒரு இரண்டு ரூபாய் இருந்தது. அச்சே விழாத வெறும் வட்டத் தகடு இருந்தது. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு சிலுவை.

"அண்ணா, இதுக்கெல்லாம் விலை உண்டு தெரியுமா?"

"கெட்ட காசுக்கா?"

"கெட்டதுல ரெண்டு ஜாதி அண்ணா. மின்ட்ல கெட்டது, வெளிய வந்து கெட்டது. வெளிய கெட்டது வெறும் குப்பை. இதோ, இந்த ஓரம் போன காசைப் பாருங்க. எவனாவது அரத்தால ராவியிருந்தா எதிர்ப்பக்கம் விளிம்பு சும்மா கம்பீரமா நிக்கும். இதுல எதிர்ப்பக்கமும் சப்பையா இருக்கு. தகட்டுலேயே குறை இருந்தாத்தான் பிரஸ்ல அந்தப் பக்கம் விளிம்பு எழும்பாது. இது மின்ட் பண்ணின தப்பு."

"சரி. தப்பு பெருசா இருந்தா விலை ஜாஸ்தியா?"

"அப்படிச் சொல்ல முடியாது. கையை நீட்டித் தூரமா பிடிச்சாலும் தப்பு தெரியணும், அது ஒண்ணு. ஆனா இப்போ இந்த ஐம்பது பைசாவுல அச்சு ரொம்ப தள்ளிப்போய் வருஷம் தகட்டுக்கு வெளிய போயிடுச்சு. இதைவிட ஸ்வல்பம் கம்மியா தள்ளி வருஷம் தெரிஞ்சா அதுக்குத்தான் காசு. எந்த வருஷம், எந்த மின்ட்னு தெரியாதது அப்பன் பேர் தெரியாத மாதிரி. அப்புறம் அந்த மாதிரி எத்தனை வெளிய வந்திருக்கு, அதைப் பார்ப்போம். வெறும் தகடு நிறைய வருது, மலிவு. அப்புறம் மூஞ்சி. மின்ட்ல இருந்து வந்த மாதிரியே இருக்கணும். புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறக் கூடாது."

அவர் ஒரு காசைக் கையில் எடுத்து, சிலுவையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது போட்டதால விலை குறையுமா?"

"குறையாது அண்ணா. இல்லாமலே போயிடும்."

"ஏசுவோட சிலுவை தம்பி."

"யாரோட சிலுவையா இருந்தாலும் மார்க்கெட்ல அதுக்குப் பேர் சேதம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டின்னில் காசுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். "இத்தனை வருஷம் நான் குப்பைன்னு குத்தினது குப்பை இல்ல. குத்தினதுக்கு அப்புறம்தான் குப்பை. அப்படித்தானே?" என்றார்.  பட்டறைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னேன். ஒரு டீயை இரண்டாகப் பிரித்து, பை-டூ பண்ணிக் குடித்தோம்.

அன்றிலிருந்து சினேகம். மாதம் ஒருமுறையாவது சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருவார். மிஷின் சத்தத்தில் பேச முடியாது, சும்மா உட்கார்ந்திருப்பார். சில ஞாயிறு மத்தியானங்களில் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு காபி ஹோட்டல் மாடியில் காசு சேர்க்கிறவர்கள் நாங்கள் கூடுகிற இடத்துக்கு வருவார். இப்போது போனில் படம் பார்த்தே விலை சொல்கிறார்கள். அப்போது இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காசைத் துணிமேல் வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்போம். காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவனுக்கு மரியாதை கிடையாது. வியர்வை பட்டுவிடும், கீழே விழுந்துவிடும். பேச்சு நடக்கும்போது காசு துணிமேல்தான் இருக்க வேண்டும்.

அங்கே சீனிவாசராகவன் என்று ஒருத்தர். பாங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் எதை எடுத்தாலும் அவருக்கும் அதுதான் வேண்டும். ஓஸ்வால்ட் அண்ணன் ஒருநாள் இதைக் கவனித்துவிட்டு, "நீ மூஞ்சி, வருஷம், மின்ட்டுன்னு ஆயிரம் சொன்னே. கடைசில பார்த்தா உனக்கும் அவருக்கும் ஒரே நேரத்துல ஆசை வந்தாத்தான் விலையே ஏறுது" என்றார். உண்மைதான். ஒருத்தன் கேட்டால் அது அவன் சொல்கிற விலை. இரண்டு பேர் கேட்டால்தான் மார்க்கெட்.

ஓஸ்வால்ட் அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "குத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட காட்டுங்க அண்ணா." மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவார். "பையில வந்ததை வெச்சு நான் வியாபாரம் பண்ணினா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எண்ண உக்காருவேன்?" நானும் விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று எட்டில் மழை பிய்த்துக்கொண்டு போட்டது. சர்ச் கூரையில் பெண்கள் உட்காரும் பக்கத்துத் தகடு நெடுக விரிசல் விட்டுவிட்டது. பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள் என்று ஓஸ்வால்ட் அண்ணன் சொன்னார். கமிட்டி வசூல் செய்தும் தகடு மாற்ற நாலாயிரம் போலக் குறைந்தது. அந்த நேரத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வந்து, மிஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். ஜேபியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு ரூபாய்.

ஒரு பக்கம் கதிரும் ஒன்றும் வருஷமும் நேராக இருந்தன. திருப்பினால் மறுபக்கம் சிங்கம் இல்லை. அதே ஒன்று, அதே கதிர், அதே வருஷம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி, உள்ளே குழிந்து கிடந்தது. அடித்த காசு வெளியே போகாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், அடுத்து வருகிற தகட்டில் அந்தக் காசே அச்சாகிப் பதிந்துவிடும். ப்ரோக்கேஜ் என்பார்கள். அதிலும் வருஷம் தெரிகிற ப்ரோக்கேஜ். கீறல் இல்லை. எவனும் தேய்க்கவில்லை. சிலுவை இல்லை.

நான் குனிந்து குனிந்து பார்த்தேன். "குத்தலையா அண்ணா?"

"லீனா பிடிச்சு நிறுத்திட்டா. 'ரெண்டு நாள் பொறுத்துக் குத்துங்க, அந்த நாகேஷ்கிட்ட காட்டிட்டுக் குத்துங்க, நாங்கதானே நனையிறோம், நீங்களா நனையிறீங்க'ன்னா."

லீனா அவர் சம்சாரம். நாகேஷ் நான். எனக்கு அந்த நிமிஷம் அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"ரெண்டாயிரம் தர்றேன். இப்பவே."

"நான் விக்க முடியாது தம்பி. இதுக்குப் பதிலா நல்ல ரூபாய்கூட நான் இன்னும் போடல. ஐயர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த வாரம் அறுப்புப் பண்டிகை. ஏலத்துல வைக்கிறோம். வந்து எடுத்துக்கோ."

"வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"ராகவன் சார்கிட்ட சொன்னேன். ரெண்டு பேர் வேணும்னு நீதானே சொன்னே?"

என் பாடத்தை எனக்கே படித்துக்காட்டினார். 

அறுப்புப் பண்டிகைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. சர்ச் முன்னால் பந்தல். பூசணிக்காய், வாழைத்தார், கேக், கட்டின சேவல் எல்லாம் வெள்ளைத் துணி விரித்த ஒரு நீள மேஜையில் இருந்தது. ஜனங்கள் தங்கள் வீட்டு விளைச்சலை ஆண்டவருக்குக் கொடுப்பார்கள், அதை ஏலம் விட்டுச் சர்ச்சுக்குச் சேர்ப்பார்கள். ஏலம் விடுவது கில்பர்ட். பஸ்ஸில் விசில் ஊதாமலே நிறுத்தம் சொல்லிப் பழகின தொண்டை. ஒரு முட்டையை எழுபது ரூபாய்க்கு விற்றார். பத்திலேயே போதும் என்று எனக்குத் தோன்றியது, அவருக்குத் தோன்றவில்லை.

சீனிவாசராகவன் வேட்டி சட்டையில் வந்து எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். "வந்துட்டியா?" என்றார். "நீங்க வந்துட்டீங்களே சார்" என்றேன்.

சேவல் போனதும் கில்பர்ட் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இது ஒரு ரூபாய். பஸ்ல குடுத்தா நான் வாங்க மாட்டேன். ஆனா இங்க ரெண்டு பெரிய மனுஷங்க இதுக்காகவே குளிச்சிட்டு வந்திருக்காங்க. ஆரம்பிங்க சார்."

ஐந்நூறில் ஆரம்பித்தது. சேவல் வாங்கினவர்கள் வாயைப் பிளந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டாயிரத்து நூறு என்றேன். சீனிவாசராகவன் இரண்டாயிரத்து இருநூறு என்றார். அதற்குமேல் கொடுத்தால் எனக்கு மிஞ்சாது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் எழுந்துபோய்ப் பணத்தைக் கட்டினார். காசை வாங்கி ட்யூப்லைட்டுக்குக் கீழே லென்ஸில் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு, ஹோட்டல் மாடியில் செய்கிற மாதிரியே, காசை வெள்ளைத் துணிமேல் பதமாக வைத்துவிட்டு, அதைப் போட்டுக்கொள்ள ஜேபியில் காகித உறையைத் தேடினார்.

"சார் ஆலயத்துக்கே திருப்பிக் குடுத்துட்டார்" என்றார் கில்பர்ட்.

பந்தல் முழுக்கக் கைதட்டல். விஷயம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே ஏலத்தில் எடுத்த பொருளை மேஜையில் திரும்ப வைத்தால், இன்னொரு தடவை விற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம். அந்தப் பூசணிக்காய்கூட அன்று மூன்று தடவை விற்றிருந்தது. ஐயர் வந்து சீனிவாசராகவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முன்வரிசையில் ஒரு வயசான அம்மா, "ஆண்டவர் உங்க குடும்பத்த ஆசீர்வதிப்பாரு சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீனிவாசராகவன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில், "நான் கொடுக்கவில்லை" என்று எந்த மனுஷன் சொல்வான்? "பரவாயில்லை, பரவாயில்லை" என்றபடி நாற்காலிக்குத் திரும்பினார்.

ஏலம் மறுபடி ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் ஆயிரம் என்றேன். சீனிவாசராகவன் ஆத்திரத்தில் ஆயிரத்து ஐந்நூறு என்றார். தன் காசையே மனுஷன் இரண்டாம் தடவை விலைக்குக் கேட்டார். ஆயிரத்து எண்ணூறுக்கு எனக்கு விழுந்தது. பணத்தைக் கட்டினேன்.

நான் ஏமாறவில்லை. காசை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். மேஜைப் பக்கமே போகவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கில்பர்ட்கூட அடுத்து வாழைத்தாரைத் தூக்கிவிட்டார்.

ஆனால் என் நாற்காலிக்குத் திரும்ப சீனிவாசராகவனைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் காலியான அந்தக் காகித உறையை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாயிரத்து இருநூறு கொடுத்து நியாயமாக எடுத்த ஆள். ஊர் வழக்கம் தெரியாமல் அவர் இழந்த காசை நான் அமுக்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு அவருக்கு எதிரில் எப்படித் துணி விரிப்பது?

"இந்தாங்க சார்" என்று உள்ளங்கையைத் திறந்தேன்.

"உன் காசுய்யா அது."

"உங்க காசு சார்."

"நான் சர்ச்சுக்குக் கொடுத்துட்டேன். ஊரே கை தட்டியிருக்கு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வாங்க மாட்டார். நான் வைத்துக்கொள்ளவும் முடியாது. திரும்பிப் போய் மேஜையில் வைத்தேன். மறுபடி கைதட்டல். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் தடவை கில்பர்ட் கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் கெட்ட காசு. 

"ஒரு ரூபாய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓஸ்வால்ட் அண்ணன்.

"ஒரு ரூபாய் ஒரு தரம்" என்று கில்பர்ட் எங்களைப் பார்த்தார். நான் சீனிவாசராகவனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ரெண்டு தரம். மூணு தரம்.

ஓஸ்வால்ட் அண்ணன் முன்னால் வந்தார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு பட்டன். ஜேபியிலிருந்து சிங்கம் போட்ட நல்ல ஒரு ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். கெட்டதை எடுத்துக்கொண்டு சர்ச் வாசல் கல்படிக்குப் போனார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன். சீனிவாசராகவனும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, வேணாம். கூரைக்குத்தான் பணம் வந்துடுச்சே. இதை அப்படியே வெச்சிருங்க. யாருக்கும் விக்க வேணாம். சும்மா வெச்சிருங்க."

"கூரைக்கு வந்தது நீங்க ரெண்டு பேரும் போட்டது தம்பி. பையில வந்த ரூபாய்க்கு இன்னிக்குத்தான் கட்டினேன்." படியில் காசை வைத்தார். பாண்ட் பாக்கெட்டில் பஞ்ச்சும் சின்னச் சுத்தியும் இருந்தன. ஒரே அடி. சின்னச் சத்தம்தான். சீனிவாசராகவன் கண்ணை மூடிக்கொண்டார்.

கில்பர்ட்டும் நீங்களும் முன்கூட்டியே பேசி வைத்த வேலையா இது என்று பின்னாளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "சும்னே இரு தம்பி" என்று கன்னடம் கலந்து வாயை அடைப்பதோடு சரி.

அந்த மாதமே தகடு மாற்றினார்கள். அதற்கு வாஷர் என் பட்டறையிலிருந்துதான் போனது. ஓஸ்வால்ட் அண்ணன் ரிடையர் ஆன பிறகும் சனிக்கிழமை சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ரோட்டில் கார் பெருகின பிறகு பஸ்ஸில் வந்தார். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு நாள் வரவில்லை. லீனா அம்மா போன் பண்ணினார்கள். மண் போட கல்லறைக்குப் போனபோது சீனிவாசராகவன் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

பட்டறையை இப்போது விட்டுவிட்டேன். அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம் நிற்கிறது. ஹோட்டல் மாடியும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் காது மட்டும் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தைத் தேடும்.

போன வாரம் லீனா அம்மா மறுபடி போன் பண்ணினார்கள். தையல் மிஷின் டிராயரைச் சுத்தம் பண்ணும்போது அந்தத் தீப்பெட்டி கிடைத்ததாம். "பையில வந்ததுதானே தம்பி. நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை அறுப்புப் பண்டிகை. ஏலத்துல வைக்கிறேன். ராகவன் சாருக்கும் சொல்லிட்டேன்."

அரை மணி நேரம் ஆகவில்லை, சீனிவாசராகவனே கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் நடுங்குகிறது.

"என்னய்யா, எவ்வளவு வரைக்கும் போவே?"

"நடுவுல பஞ்ச் விழுந்த காசு சார். சேதம். மார்க்கெட்ல ஒண்ணும் பெறாது."

"அதை நான் உனக்குச் சொல்லணுமா? பெறாதுதான். எவ்வளவு வரைக்கும் போவே?"

"பந்தல்ல பார்க்கலாம் சார்" என்றேன்.